எந்தத் தண்ணி

சிலேட்டுப் பலகையில் எழுதியது நான்தான்.
'சுத்திகரித்த தண்ணீரில் விளைந்தது.'
முதல் சொல்லின் மேல் மட்டும்
சாக்பீஸை இரண்டு தடவை ஓட்டினேன்,
தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று.

வடசேரிச் சந்தை, காலை ஆறேகால்.
தண்டங்கீரை, அரைக்கீரை,
கீழே சாக்கு விரிப்பில் ஒரு ஏத்தங்குலை.
மற்றவர்களிடம் கட்டு இருபது,
என்னிடம் பத்து.

ஸ்டெல்லாபாய் டீச்சர் வாசித்தார்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி வாசித்தார்.
கையிலெடுத்த கட்டை
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல்
திரும்ப வைத்தார்.
"ஏத்தங்காய் ஒரு சீப்பு தா,
அதுக்குத் தோலு இருக்குல்லா."

அடுத்து வந்தவர் குனிந்து,
மெதுவாகக் கேட்டார்:
"எந்த வீட்டுத் தண்ணி?"

எந்த வீடென்று நான் எதைச் சொல்ல?
நாகர்கோவில் குளித்தது, துவைத்தது,
பாத்திரம் கழுவியது, கால் கழுவியது.
குழாய்க்குள் இறங்கிய பிறகு
அது யார் வீட்டுப் பேரையும் சொல்வதில்லை.
அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பால்கார லில்லிபுஷ்பம் மாட்டுக்கென்று
ஆறு கட்டு அள்ளிப்போனாள்.
டீச்சர் வீட்டுக்கு அவள்தான் பால் ஊற்றுகிறாள்.
அதைப் பலகையில் எழுத
இடமில்லை.

எதிரே சாளை குவித்து வைத்திருந்தார்கள்.
செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள்,
கண்ணைப் பார்த்தார்கள்,
எந்தத் தண்ணியில் கிடந்தாய் என்று மட்டும்
யாரும் மீனிடம் கேட்கவில்லை.

பத்து மணிக்கு இலை துவளத் தொடங்கியது.
தோட்டத்திலிருந்து குமாரதாஸ் போன் பண்ணினார்.
"பலகைய எடுத்துரு. வித்துரும்."
வித்துரும். எனக்கும் தெரியும்.

எடுக்கவில்லை.
ஈரத்துணியால் ஒரே ஒரு சொல்லை அழித்தேன்.
அழுத்தி எழுதியதால் கொஞ்சம் நேரமாயிற்று.

'தண்ணீரில் விளைந்தது.'

"தண்ணியில்லாம என்னத்தட்டி விளையும்?"
சிரித்தபடி ஒருத்தி மூன்று கட்டு வாங்கினாள்.
அவளோடு வந்தவள் இரண்டு.
பன்னிரண்டுக்குள் கடை காலி,
எனக்கென்று ஒதுக்கிய ஒரு கட்டு தவிர.

வீட்டில் அதை அலசினேன்.
எப்போதும் இரண்டு தண்ணி.
இன்று கை நிற்கவில்லை:
மூன்று, நான்கு,
மஞ்சள்பொடி போட்டு ஐந்தாவது.
யாரும் பார்க்கவில்லை என்று
வாசல்பக்கம் ஒருமுறை திரும்பிக்கொண்டேன்.

அலசிய தண்ணீர்
அங்கணக்குழி வழியே
புறத்தே மட்டிவாழை மூட்டுக்குப் போயிற்று.
குலை தள்ளியிருக்கிறது.
டீச்சர் சொல்லிவைத்த குலை.