வயோலா, மூன்றாம் வரிசை

அவருடைய நான்கு படங்களுக்கு வாசித்திருக்கிறேன்.
ஒன்றையும் பார்த்ததில்லை.

ஸ்கோப்யேவுக்கு வந்து சேர்வது தாள்கள்தாம்.
மேலே ரீல் எண், கீழே கட்ட எண்கள்.
ஒற்றைக் காதில் ஹெட்போன்:
டிக், டிக், டிக், டிக்.
திரை ஒன்றுதான், அது நடத்துநர் ட்ராய்ச்சேவுக்கு.
எங்களுக்கு அவர் முகமே திரை.
புருவம் ஏறினால் யாரோ ஓடுகிறார்கள்.

முதல் படத்தில் நான் மழை.
அறுபத்து நான்கு கட்டம், விரலால் சுண்டிச் சுண்டி.
இரண்டாவதில் ஒருவர் இறந்தார்,
எஃப் மைனரில், மிக மெதுவாக.
அன்று மாலை வர்தார் பாலத்தருகே
பேருந்துக்கு நின்றபோது
முகம் தெரியாத அந்த மனிதருக்காக
ஒரு சிகரெட் கூடுதலாகப் புகைத்தேன்.
மூன்றாவதில் ரயில் என்றார்கள் செல்லோக்காரர்கள்.
ரயிலில்லை, தறி என்றாள் ஸ்வெதான்கா.
பந்தயம் ஒரு தட்டு புரெக், இன்னும் தீரவில்லை.

இயக்குநரின் பெயரில்
எங்கள் நாக்குக்கு வராத ஓர் எழுத்து இருக்கிறது.
மகிழ்நன்.
மகில் என்போம். அவர் திருத்துவதில்லை.
எங்கள் காலை பத்து மணிக்கு
தன் மத்தியானத்திலிருந்து ஒலிபெருக்கி வழியாக வருவார்,
பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தத்தோடு.
ஆங்கிலத்தில் தொடங்குவார், தமிழில் முடிப்பார்.
அப்படித்தான் மூன்று சொல் கற்றோம்:
சரி. மறுபடியும். போதும்.
போதும் என்பதற்கு இரண்டு பொருள் என்று
பிறகு தெரிந்தது.

நான்காவது படம், நவம்பர்.
ஊர் முழுக்க விறகுப் புகை,
கூடத்தில் கோட்டு போட்டபடி வாசிக்கிறோம்.
நாலாம் ரீலில் எனக்கு மட்டும் ஒரு மெட்டு.
இருபது வருடத்தில் முதல்முறை
வயோலாவை நம்பி யாரோ எழுதியிருந்தார்கள்.
முந்தின இரவு சமையலறையில் வாசித்துப் பார்த்தேன்.
மேல்வீட்டுக்காரர் இரண்டு தடவை தரையைத் தட்டினார்,
தாளம் சேரவில்லை.

மூன்றாவது டேக் நன்றாக வந்தது.
எனக்குத் தெரிந்தது. வில்லுக்கும் தெரிந்தது.
முடிந்தபின் யாரும் அசையவில்லை.
நான்தான் முன்னால் சாய்ந்தேன்,
என் நாற்காலி வழக்கம்போல முனகியது.
ஒலிபெருக்கியில் மின்விசிறி மட்டும்.
பிறகு அவர் நீளமாகப் பேசினார், முழுக்கத் தமிழில்.
ட்ராய்ச்சே எங்களுக்குச் சொல்ல
கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.
அந்தக் காட்சியில் ஒரு பெண் அழுகிறாளாம்.
அவள் அழும்போது நாம் அழ வேண்டாமாம்.
இசையை எடுத்துவிடுகிறார்.
அந்த நாற்காலிச் சத்தம் மட்டும் வேண்டுமாம்.

சிரித்தார்கள். நானும்.
அந்த நாற்காலியைப் பற்றி
நிர்வாகத்துக்கு ஆறு கடிதம் எழுதியவள் நான்.
எட்டு முறை பதிந்தோம்:
மெதுவாகச் சாயுங்கள். மறுபடியும்.
எழப்போகிறவள் போல. மறுபடியும்.
எழ நினைத்து எழாதவள் போல.
சரி.
போதும்.
கூலியில் மாற்றமில்லை, மணிக்கணக்குதான்.

ஏப்ரலில் ஸ்வெதான்காவின் மகன்
நான்கு படங்களையும் கணினியில் ஏற்றிக் கொடுத்தான்.
இரண்டாவதில் யாரும் சாகவில்லை.
நான் துக்கம் காத்த ஆள்
கல்யாண மண்டப வாசலில்
ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.
மூன்றாவதில் ரயிலுமில்லை, தறியுமில்லை;
நான்கு பேர் லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள்.
புரெக்கை நானே வாங்கித் தின்றேன்.

நான்காவதில் அவள் வந்தாள்.
மருந்துக்கடைக்கு வெளியே
நீலப் பிளாஸ்டிக் நாற்காலி.
பிளாஸ்டிக் அப்படி முனகாது.
யாரும் கவனிக்கப்போவதில்லை,
முனகியது அவள்தான் என்று நினைப்பார்கள்.

பெட்டியைத் திறந்து வயோலாவை எடுத்தேன்.
காட்சியைப் பின்னுக்கு ஓட்டி
அந்த மெட்டைச் சேர்த்து வாசித்தேன்.
மகில் சொன்னது சரிதான்.
ஆனாலும் கடைசிக் கட்டம்வரை வாசித்தேன்.
மேல்வீட்டுக்காரர் தட்டவில்லை.