நெல்லிக்காயளவு சூரியன்

மண்டபம் தென்கரையில்
கடனில் மூடிய ஐஸ் பிளாண்டின்
ஜன்னலில்லாத குளிரறைக்குள்
ஒரு சூரியனைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

வெளியே அடிக்கிற வெயிலில்
நெத்திலி அரை நாளில் கருவாடு.
"இதை விட்டுட்டு அதையா?" என்று
சிரித்துக்கொண்டேதான் நம்புவேல் ஒயர் இழுத்தான்.
தள்ளுவண்டியில் எட்டுக் குடம் தண்ணீர் வந்தது,
குடம் பன்னிரண்டு ரூபாய்.
இறக்கி வைத்தவன் பிறகு சிரிக்கவில்லை.
இங்கே கிணறு வெட்டினால் உப்பு.
வெயிலுக்குக் காசில்லை,
வெயில் குடிக்கிற தண்ணீருக்கு உண்டு.
அறைக்குள் இலை வேர்த்தால்
சுவர் பிடித்துவைக்கிறது,
சொட்டுச் சொட்டாய்த் தொட்டிக்கே தருகிறது.

விளக்குக்குள் நெல்லிக்காயளவு
குவார்ட்ஸ் குமிழ்.
இழை இல்லை, திரி இல்லை,
ஒரு சிட்டிகைக் கந்தகம்.
மைக்ரோவேவ் பட்டதும்
முதலில் வெளிறிய ஊதா,
இருபத்தைந்தாம் வினாடியில் பட்டப்பகல்.
குமிழ் சுழன்றுகொண்டே இருக்கவேண்டும்,
மோட்டார் நின்றால்
தன் சூட்டில் தானே உருகிவிடும்.
இறால் கம்பெனியில் ஒரு ஷிப்ட் முடித்துவிட்டு
இங்கே வருகிற ஜெனோவாவிடம் சொன்னேன்.
"நம்மள மாதிரியா?" என்றாள்,
நாற்றுத்தட்டை நகர்த்தியபடி.

எதிர் ரேக்கில் எல்.இ.டி.
திருவிழா ரோஸ் நிறத்தில் ஒரு வெளிச்சம்.
அதில் சிறுகீரை கறுப்பு,
தண்டங்கீரையும் கறுப்பு,
ஜெனோவாவின் பல் கத்தரிப்பூ.

பதினேழாம் நாள் தராசு:
பிளாஸ்மா நானூற்றுப் பன்னிரண்டு கிராம்,
எல்.இ.டி. முந்நூற்றுத் தொண்ணூறு.
மீட்டர் சொன்னது வேறு கதை.
பிளாஸ்மா இரண்டே கால் மடங்கு தின்றிருந்தது.
அதன் விசிறி, கரையேற்றிய விசைப்படகு
எஞ்சினை அணைக்க மறந்தாற்போல.
அந்த அலையில் வைஃபை அறுந்து,
பக்கத்து வலைக்கூடத்துப் பையன்கள்
கடைசி ஓவர் பார்க்கமுடியாமல்
கதவைத் தட்டினார்கள்.
எழுதிக்கொண்டேன்: இடையூறு, உண்டு.

பத்தொன்பதாம் நாள் கச்சான் காற்று.
கரண்ட் போய்த் திரும்பியது.
எல்.இ.டி. கண் சிமிட்டும் முன் எரிந்தது.
குமிழ் ஆறினால்தான் மறுபடி பற்றும்.
எங்கள் பக்கம் திரைக்குள் நாலு நிமிட இருட்டு.
தக்கைச் சுவரில் இன்னும் போகாத
பழைய சூரைமீன் வாடை,
அதன் மேல் ஈரக்கீரை வாசம்.
யாரும் பேசவில்லை.
இதைக் குறைகளில் மூன்றாவதாகச் சேர்த்தேன்.
சேர்த்தபோது கொஞ்சம் துரோகமாய் இருந்தது.

இருபத்தொன்று.
ஜெனோவா பிளாஸ்மா தட்டில் ஓர் இலையைத் திருப்பி
நரம்புக்கு நடுவே மஞ்சளைக் காட்டினாள்.
இரும்புச்சத்துக் குறை, தொடக்கம்தான்.
பிறகு என்ன தோன்றியதோ,
ரோஸ் ரேக்கிலிருந்து ஒரு தட்டைத் தூக்கிவந்து
எங்கள் வெளிச்சத்தில் வைத்தாள்.
பாதி இலை வெளுத்துக் கிடந்தது.
எத்தனை நாளாகவோ.
அங்கே எல்லாம் கறுப்பாய்த் தெரிந்ததால்
எல்லாம் நலமாய்த் தெரிந்தது.
தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த என் கை
என் கையின் நிறத்தில் இருந்தது.

படிவத்தைப் புரட்டினேன்.
எடைக்குக் கட்டம், யூனிட்டுக்குக் கட்டம்,
வெப்பம், ஆயுள், உதிரிபாகம்.
கண்ணுக்குத் தெரிவதற்குக் கட்டம் இல்லை.

இரவு, துபாயிலிருந்து
கீழக்கரை இபுறாம்ஷா வாட்ஸப்பில் அழைத்தார்.
பணம் அவருடையது.
"ஒரே வார்த்தையில சொல்லுங்க, வாங்கலாமா?"
"வளர்க்க எல்.இ.டி. போதும்.
பார்க்க இதில் ஒன்று வாங்குங்க."
"பார்க்கவா? கீரையையா?"
ஆமாம் என்பதற்குள் குரல் கரகரத்து அறுந்தது.
தலைக்கு மேலே குமிழ்
தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது.
கதவைத் தள்ளி வெளியே வந்து
கடற்கரை மணலில் நாற்பது அடி நடந்து,
சிக்னல் ஏறுகிறதா என்று
இருட்டில் போனைத் தூக்கிப் பிடித்தேன்.