நாக்கை நீட்டாதே

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் பின்னால்
கால்வாய்க்குள் உடும்பு.
நாக்கை நீட்டித்தான் மோப்பம் பிடிக்கும்.
கேலி இல்லை, நிதர்சன்.
நீ பதிலுக்கு நீட்டாதே.

பூந்தோட்டத்தில் உன் ரொட்டியைப் பறித்ததே குரங்கு,
பிளாஸ்டிக் பை சரசரத்தால்
அதற்குச் சாப்பாட்டு மணி.

மேலே பார்,
வெள்ளைக் கண்ணாடி மாட்டிய கருமந்தி.
மடியில் ஆரஞ்சுக் குட்டி!
"யாரோட பிள்ளைக்கா?"
அவளுடையதுதான். நிறம் பிறகு மாறும்.
அதற்குள் சித்தி வாங்கிக்கொண்டாள்,
அப்புறம் இன்னொரு சித்தி.

அந்த மரப்பட்டைக்கு மட்டும் கண் இருக்கிறதே!
பறக்கும் லெமூர்.
பகலில் ஒட்டிக்கொண்டு தூங்கும்,
இருட்டினால் தோலை விரித்து மிதக்கும்.

இதைச் சொல்லியிருக்கக் கூடாது.
துண்டைக் கட்டிக்கொண்டு
சோபாவிலிருந்து குதித்தாய்.

அம்மா முழங்காலுக்கு மருந்து போடுகிறார்.
நீ என்னைப் பார்த்து
நாக்கை நீட்டுகிறாய்.

மோப்பமா?