நண்டு வளைக்கு நிறம் இல்லை

சத்துவாச்சாரி அலுவலகத்தில்
மின்விசிறிக்கு நேர் கீழே என் மேசை.
முழுமைத் திட்டத்தின் வடமேற்குத் தாள்கள்
என் திரையில்தான் நிறம் பெறுகின்றன.
குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா.
நீருக்கு நீலம்,
அ-பதிவேடு அதை நீர் என்று ஒப்புக்கொண்டால்.

கொக்கேரிக்குக் கீழே புல எண் இருநூற்றுப் பதினான்கு,
புன்செய் தரிசு.
அறுபதடிச் சாலை அதன் வயிற்றைக் கடந்து
பாலாற்றங்கரை வரைக்கும் போகிறது.
ஒரே இழுப்பில் போட்டேன்.
நல்ல கோடு என்றார்கள்.

தலமாய்வுக்குப் போன அன்று வெயில் நூற்றெட்டு.
சோதனைக் குழி வெட்ட வந்த தஸ்தகீர்
ஜேசிபியை அணைத்துவிட்டு இறங்கினார்.
"இங்க வேணாம் மேடம், வண்டி அமுங்கிடும்."
"காஞ்சுதானே கிடக்கு?"
"மேல."

குனிந்தால்
விரல் நுழையும் துளைகள்.
வாயோரம் மிளகளவு கருமண் உருண்டைகள்,
சித்திரையிலும் ஈரம் விடாமல்.
நண்டு.
ஒன்றைப் பார்த்தபின் நூறு தெரிந்தன.
கிழக்கே கொஞ்சம் போய்
நொச்சிப் புதரைச் சுற்றித் தெற்கே திரும்பி
என் சாலையைக் குறுக்கே வெட்டி
அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

வரப்பு மேட்டில் எலி வெட்டிக்கொண்டிருந்த பொம்மி
கடப்பாரையை ஊன்றிச் சிரித்தாள்.
"அங்க எலி குடியிருக்காது.
குட்டி நனையற எடத்துல எது வளை தோண்டும்?
இதோ, இந்த மேடு வரைக்கும்தான் ஏறும் தண்ணி."

நண்டு எங்கே முடிகிறது,
எலி எங்கே தொடங்குகிறது?
இரண்டுக்கும் நடுவே நாடா பிடித்தேன்.
இருபத்திரண்டு மீட்டர்.
நாற்பத்தோரு புள்ளிகள் எடுத்தேன்,
போன் சூடாகி அணையும்வரை.

"இது எந்தத் துறைத் தரவு?" என்றார்
இம்மாகுலேட் மேடம்.
சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
"கோர்ட்ல நண்டு வந்து சாட்சி சொல்லுமா?"
பொதுப்பணித் துறைக்கு எழுதினோம்.
எழுபது நாள் கழித்து ஒருவரி:
ஆவணங்களின்படி மேற்படி புலத்தில் கால்வாய் ஏதுமில்லை.

அந்தக் கடிதத்தைக் கோர்த்துக்கொண்டே
அவர்தான் கேட்டார்,
"பூங்காவுக்குப் பத்து சதவீதம் விடணும் இல்லையா?"
"ஆமாம் மேடம்."
"சதுரமா விடணும்னு விதியில இருக்கா?"
இருவரும் படித்தோம். மறுபடி படித்தோம்.
இல்லை.

அப்படித்தான் வேலூர்ப் பக்கத்தில்
சாரைப் பாம்பு போல ஒரு பூங்கா வந்தது.
மனைக்காரர் பத்து நாள் கத்தினார்,
"வாலு மாதிரி இருக்கே, இதுல ஊஞ்சல எங்க போட?"
சாலைக்கு அடியில் இரண்டு பெட்டிப் பாலம் கேட்டிருந்தேன்.
ஒரே ஒரு குழாய் வைத்தார்கள்.
வரைபடத்தில் அது பச்சை,
நீலம் வாங்க முடியவில்லை.

தஸ்தகீருக்கு மணிக்கணக்கில் பில் போட்டோம்.
பொம்மிக்கு எந்தத் தலைப்பில் போடுவது?
கேட்டேன். தலைப்பு இல்லை.
அவளிடம் போனும் இல்லை.

மார்கழியில் என் மேசைக்கு ஒரு மனு,
கொக்கேரி நகர் குடியிருப்போர் சங்கம்,
பதினேழு கையெழுத்து:
ஐப்பசி முழுதும் பூங்காவில் தண்ணீர் தேங்கி
நடக்க இயலவில்லை,
மண் கொட்டி உயர்த்தித் தரவும்.
வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததா என்று
மனுவில் தேடினேன்.
அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இணைப்பு, புகைப்படம் ஒன்று.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
சேறு காய்ந்த சிமெண்ட் பெஞ்ச்,
அதன் முன்னங்காலடியில்
மிளகளவு கருமண் உருண்டைகள்.

தேங்கவில்லை, போய்க்கொண்டிருந்தது
என்று பதில் எழுதி அழித்தேன்.
படத்தை அச்செடுத்து
இருநூற்றுப் பதினான்கின் கோப்பில்
ஆதாரம் என்ற தாளுக்குப் பின்னால் கோர்த்தேன்.

அடுத்த தாள் திறந்திருக்கிறது.
இதில் ஒரு தாங்கலே மஞ்சளாகக் கிடக்கிறது.
தஸ்தகீரின் எண்ணைத் தேடுகிறேன்,
பொம்மி இப்போது
எந்த வரப்பில் வெட்டுகிறாளென்று கேட்க.