ஆக்லாந்து – தோஹா

பதினான்காயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், சொச்சம்.
போக ஏறக்குறைய பதினேழரை மணி நேரம்.
திரும்பி வர அதைவிடக் குறைவு.
தூரம் அதேதான், காற்றுதான் வேறு
என்று பெருங்குடி நான்காம் மாடியிலிருந்து
இரவு ஒன்று நாற்பதுக்கு
யாரோ ஒருவருக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன்.

ஹெட்செட்டில் என் பெயர் ஷெரின்.
ரேஷன் கார்டில் பூங்கோதை.
விமானத்தில் ஏறியதில்லை.
பொழிச்சலூரில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே
சக்கரத்தை நீட்டிக்கொண்டு அது இறங்கும்போது
கொடியில் காயும் துணியை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன்,
அவ்வளவுதான் பழக்கம்.

அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம்.
பிறகு,
"பிள்ளை தமிழோ?"

தமிழில் பேசினால் ஃபெலிக்ஸ் மதிப்பெண் குறைப்பார்.
"ஆமாங்க" என்றேன்.

டிக்கெட் வேண்டாமாம். மகள் எடுத்துவிட்டாளாம்.
இண்டைக்குப் பின்னேரம் வெளிக்கிடுறாளாம்.
"எத்தனை மணித்தியாலத்தில
இலங்கைக்கு மேலால போகும்?"

பாதை தினமும் ஒன்றல்ல ஐயா,
மேலேயும் போகலாம், தள்ளியும் போகலாம்
என்றெல்லாம் சொல்லிவிட்டு
திரையில் நேற்றைய கோட்டை விரலால் அளந்தேன்.
பன்னிரண்டாவது மணி நேரம்.
இங்கே அப்போது இரவு எட்டு, எட்டரை.

"எவ்வளவு நேரம் மேல நிக்கும்?"

நிற்காது. கடந்துவிடும்.
அகலம் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
வேகம் மணிக்குத் தொள்ளாயிரம்.
பதினைந்து நிமிடம்.

"பதினைஞ்சு" என்றார், எழுதிக்கொள்வதுபோல.
"கிளாலி கடக்கவே எங்களுக்கு விடிஞ்சது."

என்ன சொல்ல என்று தெரியாமல்
'வேறு ஏதேனும் உதவி தேவையா' என்கிற வரியை
தமிழில் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இல்லை.

"அவள் நித்திரையா இருப்பாள்.
அந்த நேரம் எழுப்பிவிடச் சொல்லி
ஏதும் எழுதலாமோ, பிள்ளை?"

கட்டங்களைத் திறந்து பார்த்தேன்.
உப்பில்லாத உணவு.
சக்கர நாற்காலி.
கைக்குழந்தைக்குத் தொட்டில்.
எழுப்பிவிட என்று ஒரு கட்டம் இல்லை.

அழைப்பு பதினோரு நிமிடம் ஓடியிருந்தது.
எனக்கு அனுமதி ஆறு.

மறுபடி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிய மாலை
ரேடியல் ரோட்டில், கோவிலம்பாக்கம் தாண்டாமல்,
ஆபீஸ் வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டார் தணிகாசலம்.
மணி எட்டு இருபது.
வழக்கமாக இந்த இடத்தில் நான் தூங்கிவிடுவேன்.
முன்னால் தண்ணீர் லாரி,
அதன் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.
வானத்தில் ஒரு சிவப்புப் புள்ளி,
அது மீனம்பாக்கத்துக்கு இறங்குவது, எனக்குத் தெரியும்,
ஆனாலும் குனிந்து பார்த்தேன்.

எட்டு முப்பத்தைந்துக்குள்
ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பரோட்டாக் கடை,
பாதிக் கல்யாண மண்டபம் நகர்ந்திருந்தோம்.

என் தோளில் வாய் திறந்து தூங்கிய ரெஜினாவைத்
தட்டி எழுப்பினேன்.

"வந்துருச்சாடி?"

"இல்ல. சும்மா.
கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாரேன்."