குதிரை மட்டும்

ஓஹையோவில், மெர்டன் மில்ஸ் சதுக்கத்தில்
ஆளில்லாத வெண்கலக் குதிரை ஒன்று நிற்கிறது.
சேணம் உண்டு. அங்கவடி உண்டு.
யாரோ இழுத்துப் பிடித்திருப்பதுபோல
கடிவாளம் காற்றில் விறைத்திருக்கிறது.

குதிரையை முதலில் வார்த்தான் சிற்பி.
ஆளை வார்ப்பதற்குள்
பணம் வறண்டது, வங்கி மூடிற்று.
அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம்.
நன்கொடைப் பட்டியலின் கடைசி வரியில்
ஒரு ரொட்டிக்காரர், நாற்பது சென்ட்.

ஏறி உட்கார்ந்திருக்க வேண்டியவர்
பிரிகேடியர் ஜெனரல் ஈனோஸ் ட்ரெட்கோல்ட்.
தோல் பதனிடுபவரின் மகன்.
எத்தனை சோப்புக்கும் போகாத வாடை.
கிட்டே வந்தாலே
குதிரைகள் காதை மடக்கிப் பின்வாங்கும்.
தங்கள் உறவுக்காரர்களை
அவர் கையில் முகர்ந்திருக்க வேண்டும்.

அதனால் கோவேறு கழுதைகளைக் கொடுத்தார்கள்.
உள்நாட்டுப் போர் முழுக்கக் கணக்கெழுதினார்:
லாடம், ஓட்ஸ், கூடாரத் துணி.
இடதுகால் பூட்ஸ் மட்டும் நானூறு வந்திறங்கிய நாளில்
சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
ஒரே ஒரு பாலத்தில்
ஒரே ஒரு ராத்திரி சண்டை போட்டார்.
மேலே இருந்த மூவரும் செத்துப்போனதால்
விடிந்தபோது படை அவருடையது.

அந்த ராத்திரிக்குத்தான் ஊர் சிலை எழுப்ப நினைத்தது.

மற்றதை மனைவி தர்சாவுக்கு எழுதினார்,
அரைப் பக்கம்.
மேற்கே, சமவெளியில், உறைபனியில்
ஷையான் முகாம் ஒன்றைப் பிடித்தாயிற்று.
தப்பியவர்கள் ஆற்றைக் கடந்துவிட்டார்கள்.
குதிரைகள் மாட்டிக்கொண்டன.
ஓட்டிப்போக ஆளில்லை,
விட்டுப்போக உத்தரவில்லை.
இரண்டு பகல் ஆயிற்று.
முதல் நாள் சாயங்காலத்துக்குள்
எல்லாச் சிப்பாய்களின் மேலும்
அவருடைய வாடை.

அறிக்கையில் அழகான கையெழுத்து:
எழுநூற்றுப் பதினெட்டு.
கணக்கில் அவர் தப்பு விட்டதில்லை.

பிறகு டொலீடோவில் ஒரு வாடகை அறை.
பென்ஷன் மனு. பதில். மறு மனு.
குதிரைகள் ட்ராம் இழுத்த காலம் அது.
அவர் ஏறமாட்டார்.
மூட்டுவலியோடு தபாலாபீசுக்கு நடந்தே போவார்.
எதிரே வண்டி வந்தால்
ஓரமாய் நின்று தொப்பியைக் கழற்றுவார்.
உள்ளிருந்த சீமாட்டிகள்
தங்களுக்கென்று நினைத்துத் தலையசைப்பார்கள்.

செத்தபோது செய்தித்தாளில் நாலு வரி,
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

இப்போது ஊரில் கேட்டால்
பந்தயத்தில் ஜெயித்த குதிரை என்பார் ஒருவர்.
தீயணைப்பு வண்டியை இழுத்தது என்பார் இன்னொருவர்.
பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி
முதுகு மட்டும் பொன்னாகிவிட்டது.
மற்றபடி பச்சை.

போன அக்டோபரில்
ஓக்லஹோமா நம்பர் பலகையோடு ஒரு கார்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிற லெனோரா ஒயிட்கிரேன்
நகராட்சி எழுத்தரிடம் கேட்டார்,
இது யாருடைய குதிரை?

பதிவேட்டைப் புரட்ட நேரமாயிற்று.
"ட்ரெட்கோல்ட் என்று ஒருத்தராம்.
யாரென்று தெரியவில்லை, மன்னிக்க வேண்டும்."

"எங்களுக்குத் தெரியும்," என்றார் லெனோரா.
"அவரை வைதுவிட்டுத்தான்
எங்கள் வீட்டில் குதிரைகளை எண்ணத் தொடங்குவோம்.
நெற்றிச்சுட்டி, வெள்ளைக்காலன்,
பாம்பைக் கண்டால் பயப்படுவது,
சினையாயிருந்த சாம்பல் நிறத்தாள்...
எங்கள் கணக்கில் எழுநூற்றுப் பத்தொன்பது."

எழுத்தர் பேனாவை எடுத்தார்.
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
மூடி வைத்தார்.

வெளியே வந்து, குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி,
விலாவில் விரலால் தட்டிப் பார்த்தார் லெனோரா.
உள்ளே காலியிடம் முனகிற்று.
அங்கவடியில் தேங்கிய மழைநீரைக்
கையால் வழித்துவிட்டார்.

பார்க்கிங் மீட்டரில் பதினோரு நிமிஷம் மிச்சமிருந்தது.
அது தீரும்வரை
அதன் கழுத்தருகே நின்றிருந்தார்.