ரெண்டு கொல்லம்

கையை நீட்டிப் பிடியுங்கள் என்றார் டாக்டர்,
செக்போஸ்ட்டில் லாரியை மறிக்கும் போலீஸ்காரனைப் போல.
ஸ்டெல்லாபாய் நீட்டினாள்.
நிறுத்தச் சொன்ன கை
போய்வா போய்வா என்று
தன்பாட்டில் அசைந்தது.
அவளே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

பிறகு என்னை மட்டும் கூப்பிட்டு
ரெண்டு கொல்லம் என்றார்.
களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அது வருஷம்,
இந்தப் பக்கம் வெறும் ஊர்ப்பெயர்.
பத்துகாணியில் பிறந்தவனுக்கு இரண்டும் தெரியும்.
ஆனாலும் ஒரு நொடி
ரயில் போகும் இரண்டு ஊர்களைத்தான் நினைத்தேன்.

நூறு பேரில் ஐம்பது பேர் அதைத் தாண்டுவார்கள் என்றார்.
எந்த ஐம்பது என்று கேட்க
எனக்கு மலையாளம் வரவில்லை.
தமிழும் வரவில்லை.

வயிற்றிலிருந்து ஆறு லிட்டர் எடுத்தார்கள்.
ஊசி, குழாய், கட்டிலுக்குக் கீழே புட்டி.
இருபத்தாறு வருஷம் ரப்பர் வெட்டுகிறவன்
சொட்டுகளை எண்ணாமல் இருக்க முடியுமா?
வைக்கோல் நிறம்.
பாலாக இருந்திருந்தால் விலை சொல்லியிருப்பேன்.

பஸ்ஸில் பாறசாலை வரை அவள் பேசவில்லை.
அப்புறம்,
"உப்பில்லாம மரச்சீனிய எப்பிடித் திங்கது?"

ஊரில் எல்லாருக்கும் ஒரே கேள்வி, குடிப்பாளா?
திருவிருந்தில் நாக்கை நனைக்கும் துளி தவிர
வேறொன்றும் அறியாதவள்.
ரெண்டாம் பிரசவத்தில் ஏற்றிய ரத்தம்,
அதில் இருந்த கிருமி என்று
சொல்லிச் சொல்லி அலுத்து
இப்போது
குடிக்கிறது நான்தான் என்கிறேன்.
அதை உடனே நம்புகிறார்கள்.

இரவு அவளுக்குப் பகலாகிவிட்டது.
மூன்று மணிக்கு நான் தலைவிளக்கு மாட்டும்போது
விழித்து உட்கார்ந்திருக்கிறாள்.
கல்யாணமான நாள்முதல்
அந்த நேரத்தில் எனக்கு ஆள் இருந்ததில்லை.
இனிப்பு மருந்தை முகம் சுளித்து விழுங்கி
செருப்பைத் தேடிக் கூடவே வருகிறாள்.

மேல்வரிசை, கடும்வெட்டுக்கு விட்ட மரங்கள்.
நாலாபுறமும் பட்டை உரித்தாயிற்று.
"இதுக்கு எத்தன வருசம்?"
"மூணுன்னு எழுதிக் குடுத்தாவ."
"எப்பம்?"
விரல் மடக்கிப் பார்த்தேன்.
ஐந்து ஆகிறது.
விறகுக்கு விலை வரவில்லையோ,
முதலாளி மறந்துபோனாரோ.

கத்தியை வைத்தேன்.
மரம் கொஞ்சம் யோசித்துவிட்டுப்
பால் விட்டது.
கோணியிருந்த சிரட்டையை
அந்த அசைகிற கையால்
நேராக்கினாள்.
இரண்டு தடவை தவறி,
மூன்றாம் தடவை.